ஏசிக்கு 4 ஸ்டார், கூட வந்த தம்பிக்கு 5 ஸ்டார்

முதல்லயே சொல்லிடறேன், இது நீளமான ரிவ்யூ. ஏசி நல்லா கூல் பண்ணுதா, கரண்ட் பில் எவ்வளவு வருதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னா நேரா கடைசிப் பக்கம் போயிடுங்க. நடுவுல ஓசோன், மாண்ட்ரீல், சைனான்னு எங்கெங்கயோ சுத்திட்டு வருவேன். பத்தாவது பசங்களுக்கு சோஷியல் ட்யூஷன் எடுக்கற புத்தி, விட மாட்டேங்குது.

நாங்க இருக்கறது டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் ஒன், மூணாவது மாடி டிடிஏ (அதான் அரசாங்கம் கட்டின) ஃப்ளாட், மேற்குப் பார்த்த பெட்ரூம். மே மாசம் லூன்னு சொல்ற அனல் காத்து அடிக்கறப்போ அந்தச் சுவத்துல கை வெச்சா இட்லிப் பானை மூடியைத் தொட்ட மாதிரி இருக்கும். 2012ல வாங்குன ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி ஒண்ணு இருந்துச்சு. ரொம்ப வருஷம் சத்தமில்லாம ஓடுச்சு, அப்புறம் கடைசி நாலு வருஷமா ஏப்ரல் பொறந்தா ஒரே கதை. காத்து வரும், குளிர் வராது. கம்பெனி ஆளு வருவாரு (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்), மீட்டரை மாட்டிப் பார்ப்பாரு, "கேஸ் கதம் மேடம்"னு, அதாவது கேஸ் தீர்ந்து போச்சுன்னு சொல்லுவாரு, சிலிண்டரைத் திறந்து புஸ்ஸுன்னு ஏத்துவாரு, 2500 ரூபாய் வாங்கிட்டுப் போயிடுவாரு. அரை மணி நேர வேலை. நானும் ஏதோ வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டருக்கு ஆயில் மாத்தற மாதிரின்னு நினைச்சு கொடுத்துட்டே இருந்தேன். பத்தாயிரம் ரூபாய் அப்படிப் போச்சு.

போன வருஷம் மார்ச்ல ஆர்.கே.புரம் மலை மந்திர்ல கிருத்திகை அன்னிக்குப் பிரசாத வரிசைல நிக்கும்போது ஒரு மாமிகிட்ட இதைப் புலம்பினேன், அவங்கதான் திரிலோக்புரில இருக்கற ஒரு தம்பி நம்பரைக் கொடுத்தாங்க. கள்ளக்குறிச்சிப் பக்கம் பூர்வீகம், பொறந்து வளர்ந்ததெல்லாம் திரிலோக்புரி, அதனால பேசற தமிழ்ல பாதி ஹிந்தி. பேர் போட மாட்டேன், அவன் பிசினஸ் ஏற்கனவே ஓவர்லோடு.

வந்தவன் மீட்டரைக் கூட வெளிய எடுக்கல. "ஆன்ட்டி, வருஷா வருஷம் கேஸ் போடறீங்களா? இது என்ன அடுப்பு கேஸா, எரிஞ்சு தீர்றதுக்கு? இதே கேஸ்தான் உள்ளயே சுத்திச் சுத்தி வரும். கம்மியாச்சுன்னா எங்கயோ ஓட்டைன்னு அர்த்தம். ஓட்டையை அடைக்காம மேல மேல ஊத்திருக்காங்க"ன்னான். எனக்கு மூஞ்சில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு, ஏன்னா குடத்துல ஓட்டைன்னா நான் தண்ணி புடிக்க மாட்டேனே!

அப்புறம் நைட்ரஜன் சிலிண்டர் ஒண்ணைக் கொண்டு வந்து பைப்புக்குள்ள பிரஷர் ஏத்திட்டு, சின்ன மக்குல ஷாம்பூ தண்ணி கலக்கி பிரஷ்ஷால ஒவ்வொரு ஜாயிண்ட்டா தடவிட்டு வந்தான். வெளி யூனிட்ல ஒண்ணுமில்ல. உள் யூனிட்டோட காயில் ஓரத்துல, பைப் வளைஞ்சு திரும்பற இடத்துல, கடுகு சைசுல முட்டை முட்டையா நுரை கெளம்புச்சு. காப்பர் கரியாட்டம் கருத்துக் கெடந்துச்சு. நாலான்னு இங்க சொல்ற பெரிய சாக்கடைக் கால்வாய்ப் பக்கம் இருக்கற வீட்டுக்கெல்லாம் இதே வியாதிதானாம், சாக்கடைலேர்ந்து வர்ற வாயு காப்பரை அரிச்சுடும். எனக்கு டக்குனு விளங்கிடுச்சு, எங்க வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு தேய்ச்ச இருபது நாள்ல கருத்துப் போறது எதனாலன்னு இத்தனை வருஷம் மண்டையை உடைச்சிட்டு இருந்தேன்.

"அப்போ நாலு வருஷமா போட்ட கேஸெல்லாம் எங்கடா போச்சு?"ன்னு கேட்டேன். ஒரு விரலைத் தூக்கி மேல காட்டினான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, கணக்குப் போட்டேன். பழைய ஏசில இருந்தது ஆர்-22ங்கற கேஸ். ஒரு கிலோ ஆர்-22 வெளிய போச்சுன்னா 1810 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்குச் சமம், பூமியைச் சூடாக்கற கணக்குல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிச்சா சுமார் 2.3 கிலோ. அப்போ ஒரு கிலோ கேஸுன்னா கிட்டத்தட்ட 780 லிட்டர் பெட்ரோல். என் ஸ்கூட்டி லிட்டருக்கு 45 கொடுக்கும், அப்படின்னா 35 ஆயிரம் கிலோமீட்டர், அதாவது டெல்லிலேர்ந்து மெட்ராஸுக்கு எட்டு தடவை போயி எட்டு தடவை வரலாம். இது ஒரு கிலோவுக்கு, நான் நாலு வருஷமா விட்டிருக்கேன்! காய்கறி வாங்க மறக்காம துணிப்பை எடுத்துட்டுப் போறவ நான், கடைல பிளாஸ்டிக் கவர் கொடுத்தா லெக்சர் அடிக்கறவ. என் பெட்ரூம்லயே இந்தக் கூத்து நடந்திருக்கு.

இதுல ஓசோன் பங்கு தனி. ஆர்-22ல இருக்கற குளோரின் மேல போயி ஓசோனை அரிக்கும். வருஷா வருஷம் செப்டம்பர் 16 ஓசோன் டேன்னு பசங்க போஸ்டர் வரைவாங்க இல்ல, பூமிக்கு மேல ஒரு குடை, குடைல ஒரு ஓட்டை, கீழ அழுவற பூமி, நான் பார்த்த ஸ்கூல்ல எல்லாம் இதே படம்தான். அந்தத் தேதி ஏன்னா 1987ல அன்னிக்குத்தான் மாண்ட்ரீல் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. இதை ஒரு மார்க் கேள்வியா எத்தனை வருஷம் எழுத வெச்சிருப்பேன், அது என் வீட்டு ஏசி பைப் வரைக்கும் வந்து நிக்கும்னு ஒரு நாளும் தோணல.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. 1974ல மொலினா, ரோலண்ட்னு ரெண்டு விஞ்ஞானிங்க, ஸ்ப்ரே டப்பாலயும் ஃப்ரிட்ஜ்லயும் இருக்கற சிஎஃப்சி கேஸ் ஓசோனைத் தின்னுடும்னு எழுதினாங்க. கம்பெனிக்காரங்க வழக்கம் போல ஆதாரம் பத்தாதுன்னாங்க. ஆனா அமெரிக்கால சாதாரண ஜனங்க ஸ்ப்ரே டப்பா வாங்கறதைக் குறைச்சுட்டாங்க, விற்பனை விழுந்துச்சு, அரசாங்கம் தடை போட்டது அதுக்கப்புறம் 1978லதான். எனக்குப் புடிச்ச இடம் இதுதான், கடைல டப்பாவைத் திருப்பி வெச்சவங்க முன்னாடி, சட்டம் பின்னாடி. 1985ல அண்டார்டிகா மேல ஓட்டை இருக்கறதை பிரிட்டிஷ் ஆளுங்க கண்டுபுடிச்சாங்க, ரெண்டே வருஷத்துல ஒப்பந்தம். இன்னிக்கு ஐநால இருக்கற அத்தனை நாடும் அதுல சேர்ந்தாச்சு, ஐரோப்பிய யூனியனையும் சேர்த்து 198.

நம்ம நாடு முதல்ல கையெழுத்துப் போடல. அதுவும் சரியான காரணத்துக்குத்தான்னு நான் சொல்லுவேன். ஓட்டை போட்டது பணக்கார நாடு, ஃப்ரிட்ஜே இப்பத்தான் வாங்க ஆரம்பிச்சவன் எதுக்கு விலை கொடுக்கணும்? பேசிப் பேசி 1990ல லண்டன்ல ஒரு பொது நிதி வெச்சாங்க, பணக்கார நாடுங்க காசு போடணும், மத்த நாடுங்க அதை வெச்சு ஃபேக்டரியை மாத்திக்கலாம், கால அவகாசமும் கூட. அதுக்கப்புறம் 1992ல இந்தியா சேர்ந்துச்சு. வீட்டுல நாலு அண்ணன் தம்பி சேர்ந்து கல்யாணம் பண்ணும்போது சம்பாதிக்கறவன் கூடப் போடணும், படிக்கறவன் பந்தி பரிமாறட்டும்னு முடிவு பண்ற மாதிரிதான். 2008 ஆகஸ்ட்ல சிஎஃப்சி தயாரிப்பை நம்ம ஆளுங்க நிறுத்தினாங்க, ஆஸ்துமா இன்ஹேலருக்கு மட்டும் கொஞ்சம் விட்டு வெச்சு. அடுத்து ஆர்-22. 2024 கடைசியோட புது மெஷின் தயாரிப்புல அதுவும் நின்னாச்சு.

திருட்டு நடக்கலையான்னா நடந்துச்சு. 2018ல ஹவாய் தீவுல காத்தை அளக்கறவங்க பார்த்தா, செத்துப் போயிருக்க வேண்டிய சிஎஃப்சி-11 குறையற வேகம் திடீர்னு மெதுவாயிடுச்சு. யாரோ புதுசா பண்றாங்க. கொரியாலயும் ஜப்பான்லயும் இருக்கற மீட்டரை வெச்சு மோப்பம் புடிச்சு 2019ல கிழக்கு சைனான்னு கை காட்டிட்டாங்க, அப்புறம் அளவு மறுபடியும் கீழ வந்துடுச்சு. பக்கத்து வீட்டுக்காரன் கொக்கி போட்டா டிரான்ஸ்ஃபார்மர்லயே தெரிஞ்சுடற மாதிரி. இதே வேகத்துல போனா உலகத்துல பெரும்பாலான இடத்துல 2040 வாக்குல ஓசோன் 1980ல இருந்த நிலைக்கு வந்துடும், அண்டார்டிகா மேல 2066 வாக்குலன்னு ஐநா விஞ்ஞானிகள் அறிக்கை சொல்லுது. அப்போ எனக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும்.

சரி, ஏசிக்கு வர்றேன்.

அந்தக் கருத்துப் போன காயிலை மாத்தறது வீண் செலவு, புதுசு வாங்கிடுங்கன்னு தம்பியே சொல்லிட்டான் (அவனுக்கு அதுல ஒரு பைசா கமிஷன் கிடையாது, நோட் பண்ணிக்கோங்க). லட்சுமி நகர் பக்கம் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். சேல்ஸ் பையன் வைஃபை இருக்கு, வாய்ஸ்ல பேசலாம், ஏழு மோடு இருக்குன்னு ஒப்பிச்சான். உள்ள என்ன கேஸுன்னு கேட்டேன். ரெண்டு செகண்டு முழிச்சான், "ஈகோ கேஸ் மேடம், எக்தம் கிரீன்"னான். என் வீட்டுக்காரர் என் முழங்கையை இடிச்சாரு, ஆரம்பிக்காதேன்னு.

கிரீனும் இல்ல ஒண்ணும் இல்ல. இப்போ கடைல நிக்கற ஏசி பெரும்பாலும் ஆர்-32. அது ஓசோனைத் தொடாது, அந்த வகைல நல்லது. ஆனா சூடாக்கற கணக்குல 675. ஆர்-22க்கு மூணுல ஒரு பங்கு, அதுக்கு நடுவுல வந்த ஆர்-410ஏ 2088, அதை விட எவ்வளவோ தேவலை. சாதாரண புரோபேன், அதான் ஆர்-290, அதோட கணக்கு 3ன்னுதான் வரும். கோத்ரெஜ் 2012லயே ஜெர்மனி உதவியோட அந்த கேஸ்ல ஏசி போட்டாங்க. புரோபேன் தீப்பிடிக்கற கேஸ், அதனால ரொம்பக் கம்மியா, ரொம்ப கவனமா போடணும், நான் போன கடைல அந்த மாடல் கெடைக்கல. ஆர்-32 மாதிரி கேஸையும் படிப்படியா குறைக்கணும்னு 2016ல ருவாண்டால கிகாலின்னு ஒரு ஊர்ல கூடி மாண்ட்ரீல் ஒப்பந்தத்துலயே இன்னொரு பகுதி சேர்த்தாங்க. பணக்கார நாடு 2019லயே குறைக்க ஆரம்பிச்சாச்சு, நமக்கு 2028ல உச்சவரம்பு, 2047க்குள்ள 85 சதவீதம் வெட்டு. அதாவது நான் இப்போ வாங்கறதும் இடைக்கால மாப்பிள்ளைதான்.

வாங்குனது ஒன்றரை டன், 5 ஸ்டார் இன்வெர்ட்டர், காயில் மேல கோட்டிங் போட்டது (சாக்கடைக் கால்வாய்ப் பக்கம் இருக்கறவங்க கேட்டு வாங்குங்க). வெளி யூனிட் ஸ்டிக்கர்ல ஆர்-32, 880 கிராம்னு பொடி எழுத்துல இருக்கு. கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்துச்சு.

இனிமேதான் தமாஷ். கம்பெனி ஆளு மாட்டினாத்தான் வாரண்டி. தம்பியை விட்டு மாட்ட முடியாது. அதனால அவனை வரச்சொல்லி, ஊர்லேர்ந்து வந்த சொந்தக்காரப் பையன்னு சோஃபால உக்கார வெச்சு காபி கொடுத்துட்டேன். கம்பெனி ஆளு ரெண்டு பேரு சாயங்காலம் நாலு மணிக்கு வந்தாங்க, சட்டை முதுகோட ஒட்டிக் கெடக்கு, அன்னிக்கு அது ஆறாவது வீடாம், இன்னும் ரெண்டு பாக்கியாம். மாட்டினாங்க, பைப்பை முறுக்கினாங்க, அப்புறம் ஒருத்தர் ஆலன் கீயை எடுத்து வால்வைக் கொஞ்சம் திறந்து, பைப்ல இருக்கற காத்தை அந்த கேஸாலயே வெளிய தள்ளப் போனாரு. அதுவரைக்கும் வாயே திறக்காத என் சொந்தக்காரப் பையன் டம்ளரைக் கீழ வெச்சான்.

"பையா, வேக்யூம் பம்ப் கஹாங் ஹை?"

பைப்ல இருக்கற காத்தை உறிஞ்சி எடுக்கற பம்ப் எங்கன்னு கேக்கறான். அவரு திரும்பிப் பார்த்தாரு. பம்ப் கீழ வண்டில இருக்குன்னாரு. "லே ஆவோ, ஹம் ருக்தே ஹைங்"னான், கொண்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்னு. மூணு மாடி இறங்கி ஏறணும் பாவம். நான் குளிர்ந்த ரூஹ் அஃப்ஸா கலக்கிக் கொடுத்தேன். பம்ப் வந்துச்சு, இருபத்தஞ்சு நிமிஷம் ஓட விட்டாங்க, நிறுத்திட்டு முள் நகருதான்னு பத்து நிமிஷம் பார்த்தாங்க, நகரல, அப்புறம்தான் வால்வைத் திறந்தாங்க. 880ம் உள்ளயே. அந்த ஆளுங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னு கூலி, எட்டு வீட்டுக்கு எட்டு வேக்யூம் ஓட்டினா ராத்திரி பன்னெண்டு ஆகும். அதைக் கணக்கு பண்ண வேண்டியவங்க ஏசி ரூம்ல உக்காந்திருக்காங்க.

பழைய ஏசி இன்னொரு சண்டை. எக்ஸ்சேஞ்சுல எடுக்க வந்த பசங்க கட்டரோட பைப்பை வெட்ட ரெடியா வந்தாங்க, வெட்டினா மிச்ச கேஸ் அத்தனையும் மறுபடி மேல. அவங்க வர்றதுக்கு முந்தின நாளே தம்பி ஏசியை ஓட விட்டு ஒரு வால்வை மூடி கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குள்ள இழுத்துப் பூட்டிட்டான், அதுக்குப் பேரு பம்ப் டவுன், அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் சின்ன சூட்கேஸ் சைசுல ரெக்கவரி மெஷின் ஒண்ணை மாட்டி சிலிண்டருக்கு மாத்தினான். தராசுல வெச்சான், 610 கிராம். புது ஏசில ஆர்-22 நின்னு போனதால பழசுங்களுக்கு சர்வீஸ் பண்ண இந்த கேஸுக்கு இப்போ மவுசு, வடிகட்டி வேற ஏசில போடுவானாம். அதுக்காக எனக்கு பில்லுல 300 ரூபாய் குறைச்சுட்டான்! நான் காசு கொடுத்து நாலு வருஷம் காத்துல விட்ட சரக்குக்கு, ஒருத்தன் எனக்குக் காசு கொடுக்கறான்.

அந்த மெஷின் அவனும் இன்னும் ரெண்டு மெக்கானிக்கும் பங்கு போட்டு செகண்ட் ஹேண்ட்ல வாங்குனதாம். மெக்கானிக்குங்களுக்கு அரசாங்கம் நடத்தற ட்ரெய்னிங்ல சேர்ந்து சர்டிஃபிகேட்டும் வெச்சிருக்கான், லேமினேட் பண்ணி டூல் பாக்ஸ் மூடில ஒட்டியிருக்கான். 2019ல வந்த கூலிங் ஆக்‌ஷன் பிளான்ல ஒரு லட்சம் மெக்கானிக்குக்கு ட்ரெய்னிங்னு இலக்கு போட்டிருந்தாங்க, நான் அதைப் பசங்களுக்கு நோட்ஸா கொடுத்திருக்கேன். அந்த ஒரு லட்சத்துல ஒருத்தன் என் வீட்டு சோஃபால காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தான். "மாண்ட்ரீல் எங்கடா இருக்கு தெரியுமா?"ன்னு கேட்டேன். "கனடா ஆன்ட்டி, க்ளாஸ்ல முதல் ஸ்லைடே அதான்"னான். ட்யூஷன் பசங்கள்ல பாதி பேரு ஃபிரான்ஸ்னு எழுதுவாங்க.

இப்போ ஏசி எப்படின்னு சொல்றேன், ஒரு முழு சம்மர் ஓடியாச்சு. கூலிங் அருமை, மத்தியானம் நல்ல வெயில்ல ரூம் வழிக்கு வர இருபது நிமிஷம் எடுக்குது, ராத்திரின்னா பத்தே நிமிஷம். வெளி யூனிட் சத்தம் சுத்தமா இல்ல, பழசு ஆன் பண்ணா பக்கத்து ஃப்ளாட் சர்தார்ஜி வீட்டு ஜன்னல் அதிரும். ஆன் பண்ணா 24ல நிக்குது, 2020லேர்ந்து எல்லாக் கம்பெனிக்கும் அது கட்டாயம். நாங்க 26ல வெச்சு ஃபேனை ஒண்ணுல விடறோம். ஒவ்வொரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு எனர்ஜி எஃபிஷியன்சி பீரோ சொல்லுது, என் மீட்டரும் ஒத்துக்குது. டெல்லில 400 யூனிட் தாண்டினா சப்சிடி போயிடும், அது எல்லாருக்கும் தெரியும், இந்த வருஷம் ஜூன்ல மட்டும்தான் தாண்டினோம், பழைய ஏசில மே, ஜூன், ஜூலை மூணுமே போயிடும்.

மைனஸ் என்னன்னா, டிஸ்ப்ளே லைட்டை அணைக்க ரிமோட்ல பட்டன் இல்ல, ஆப்ல போயி அணைக்கணும், அந்த ஆப் நம்ம லொகேஷன், கான்டாக்ட் எல்லாம் கேக்குது, என் ஏசிக்கு என் நாத்தனார் நம்பர் எதுக்கு? ட்ரெயின் பைப்பை கஞ்சத்தனமா அளந்து கொடுக்கறாங்க. காப்பர் பைப் கூட வேணும்னா மீட்டருக்குத் தனி ரேட், கடைல சொல்ல மாட்டாங்க. கேஸ் பத்தி ஷோரூம்ல ஒருத்தருக்கும் தெரியல, ஒரு ஸ்டார் கட் அதுக்குத்தான்.

சர்வீஸுக்கு யாரைக் கூப்பிட்டாலும், கேஸ் போடணும்னு சொன்னா ஓட்டை எங்கன்னு கேளுங்க, தராசு எங்கன்னு கேளுங்க. தராசு இல்லாம கையளவுல போடற ஆளுன்னா காபி கொடுத்து அனுப்பிடுங்க. தம்பி நம்பர் வேணும்னா மயூர் விஹார், பட்பட்கஞ்ச், வசுந்தரா என்க்ளேவ் பக்கம் இருக்கறவங்க தனியா கேளுங்க தர்றேன், ஆர்.கே.புரம் வரைக்கும் வர மாட்டான், யமுனை தாண்டினா ட்ராஃபிக்ல பாதி நாள் போயிடுதாம். பிப்ரவரிக்குள்ள கூப்பிடுங்க. ஏப்ரல் ஆயிடுச்சுன்னா என் போனையே எடுக்க மாட்டேங்கறான்.